எதிரே ஓடிய பன்னிரண்டு

குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், படித்தவர்கள் தங்கிப் போனால் துண்டைக் காணோம் என்று. குடித்துவிட்டுக் கிடந்தவன்கூடக் காலையில் துண்டை மடித்து வைத்துவிட்டுப் போவான். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வருகிறவன் துண்டு, சோப்பு, டிவி ரிமோட்டுக்குள் கிடக்கும் பேட்டரி வரை எடுத்துக்கொண்டு போவான். அதனால் படித்தவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. அவள் வருவதற்கு முன்னாலும் கிடையாது, அவள் போன பிறகும் கிடையாது. நடுவில் நான்கு மாதம் அவள் ஒருத்தி இருந்தாள், அவ்வளவுதான்.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. தென்காசியில் அவளுடைய உம்மா இன்னும் இருக்கிறார். ‘நட்சத்திரம் படிக்கப் போய்த் தோத்துட்டு வந்த பிள்ளை’ என்று ஊரில் இன்னும் சொல்கிறார்கள். என் லாட்ஜின் வாசலில் உட்கார்ந்துகொண்டே சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு எரிச்சல் வந்துதான் இதை எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. வருகிற மாதிரி எழுதுகிறேன்.

ஏழெட்டு வருடம் இருக்கும். ஐயப்ப சாமிமார் கூட்டம் வடிந்து, அருவியும் நூலாகி, கடைக்காரர்கள் தார்ப்பாயை இறக்கிக் கட்டியிருந்த நேரம். ஒல்லியாக ஒரு பெண், முப்பது வயதுக்குள், தோளில் ஒரு பை, கையில் ஒரு நீளமான பிளக் பாயின்ட் வயரோடு வந்து நின்றாள். நான்கு மாதத்துக்கு அறை வேண்டுமாம். ஊர் தென்காசி என்றாள்.

“அஞ்சு மைலுக்குள்ள வீட்டை வச்சுக்கிட்டு இங்கன எதுக்கும்மா ரூமு?”

“வீட்டுக்குக் கீழ அலுமினியக் கடைக்கா. நாள் பூரா அறுக்கான். எனக்குச் சத்தம் இல்லாம வேணும். சீசன் தொடங்குததுக்குள்ள முடிச்சிட்டுப் போயிருவேன்.”

“என்னத்த முடிக்கணும்?”

“நட்சத்திரம் எல்லாம் எப்படி ஓடுதுன்னு ஒரு ஆராய்ச்சி. அதை எழுதி முடிச்சாத்தான் பட்டம் தருவாவ.”

முதல் மாடியில் பின்பக்கம் மலையைப் பார்த்த ஏழாம் நம்பர் அறையைக் கொடுத்தேன். மொட்டை மாடிச் சாவியையும் சேர்த்துக் கொடுத்தேன். நட்சத்திரம் பார்க்கிறவளுக்கு மாடி வேண்டுமே. அந்தச் சாவியை அவள் ஆணியில் மாட்டியதோடு சரி. நான்கு மாதத்தில் ஒரு நாள்கூட அண்ணாந்து பார்க்கவில்லை. ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிடுவாள். காலை ஆறு மணிக்கு லேப்டாப்பைத் திறந்தால் அதற்குள் வரிசை வரிசையாக எண்கள். வானத்தில் ஒரு விண்கலத்தை நிறுத்தி, அது ஒவ்வொரு நட்சத்திரமும் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளந்து அனுப்பிய எண்கள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாமாம். எங்கள் மோட்டார் அண்ணாச்சிக்கு அது தாங்கவில்லை. தண்ணீர்த் தொட்டியும் மோட்டாரும் அவர் பொறுப்பு, ஊர் நியாயமும் அவர் பொறுப்பு.

“நட்சத்திரம் படிக்கவ வானத்தையே பாக்க மாட்டாளா? நல்லாயிருக்கு தாயி. சமையல் படிக்கவ அடுப்பைப் பாக்காத மாதிரி.”

அவள் மாடிப்படியில் நின்றே பதில் சொன்னாள். “மாடியில தெரியறதெல்லாம் பக்கத்து வீட்டு விளக்கு அண்ணாச்சி. அதை மட்டும் வச்சு ஊரு எப்படி ஓடுதுன்னு சொல்ல முடியுமா?”

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. மாடிக்குப் போகும்போதும் வரும்போதும் அறைக் கதவுகளுக்கு வெளியே கிடக்கும் செருப்புகளை எண்ணுவாள். விரலை மடக்கி, உதடு அசைய, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எண்ணுவாள். முதலில் எனக்கு அது பிடிக்கவில்லை. களவாணிகள்தான் செருப்பை நோட்டம் விடுவார்கள்.

கோடை மழை ஒன்று மலையில் கொட்டி, மெயின் அருவியில் திடீரென்று தண்ணீர் விழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கிருந்தோ மணம் பிடித்த மாதிரி கூட்டம் வந்துவிட்டது. ஒன்பதாம் நம்பர் அறைக்கு ராஜபாளையம் பக்கத்துக் குடும்பம் ஒன்று. ரிஜிஸ்டரில் ஆறு பேர் என்று எழுதினார்கள். மத்தியானத்துக்குள் தொட்டி இரண்டு தடவை காலி. அண்ணாச்சி குரங்குகளைத் திட்டினார், குழாயை அவைதான் திறந்துவிட்டுவிட்டன என்று. அவள் கீழே வந்தாள்.

“எக்கா, ஒம்பதுல பதிமூணு பதினாலு பேரு இருக்காவ.”

“நீ போயி எண்ணுனியா?”

“எண்ணல. வெளிய செருப்பு ஆறு சோடிதான் கிடக்கு. ஆனா மத்த ரூம் குழாயெல்லாம் மூடியிருக்கு, ஒம்பதோட பைப்புல மட்டும் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கு. ஆறு பேரு குளிச்சா இவ்வளவு போகாது.”

போய்க் கதவைத் தட்டினேன். பதினான்கு பேர். குளியலறைக்குள் மட்டும் நான்கு பேர் நின்றார்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய மனிதர் சாரத்தைச் சரிசெய்துகொண்டே எழுந்து வந்து, “சும்மா காத்தாட வந்தோம்” என்றார். மீதிச் செருப்பெல்லாம் பைக்குள் இருந்தது.

நான் கத்தி முடித்து வந்து உட்கார்ந்ததும் அவள் சொன்னாள். “என் சோலியும் இதேதான்க்கா. கண்ணுக்குத் தெரியுத நட்சத்திரம் வெளிய கிடக்குத செருப்பு மாதிரி. அதை மட்டும் எண்ணுனா இவ்வளவு எடைதான் இருக்கணும்னு ஒரு கணக்கு வரும். ஆனா ஓரத்துல இருக்குத நட்சத்திரம் எல்லாம் அந்தக் கணக்குக்கு மீறுன வேகத்துல ஓடுது. அந்த வேகத்துக்கு அது எப்பவோ பிச்சுக்கிட்டுப் போயிருக்கணும். போகல. அப்ப உள்ள கண்ணுக்குத் தெரியாம எதுவோ இருந்து பிடிச்சு வச்சிருக்கு. ஓட்டத்தை வச்சுத்தான் அது எவ்வளவுன்னு சொல்லணும்.”

“கட்டிலுக்கு அடியில கிடந்த ஆளு மாதிரி.”

“ஆமா. ஆனா அவரு எந்திரிச்சு வந்துட்டாரு. இது இன்னும் வரல.”

அன்றிலிருந்து நானும் செருப்பை எண்ண ஆரம்பித்தேன்.

அவளுடைய உம்மா இரண்டு நாளைக்கு ஒருமுறை பஸ்ஸில் சாப்பாடு கொண்டுவருவார். எங்கள் வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, மகளைப் பற்றிக் குறை சொல்வதுபோலப் பெருமை பேசுவார். “சின்னதுல அரிசி பொடைக்கச் சொன்னா, கல்லைத் தனியா வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. எறிஞ்சிட்டு வாட்டின்னா, இது எங்கேருந்து வந்துச்சும்மான்னு கேப்பா. கல்லுக்குக்கூட ஒரு ஊரு வேணும் இவளுக்கு.”

அதுதான் அவள். ஒத்துவராத ஒன்றைத் தூக்கி எறிய அவளால் முடியாது. நம் ஊரில் எல்லாரும் எறிகிறோம். ஒத்துவராத மருமகள், ஒத்துவராத பங்காளி, ஒத்துவராத வாடகைக்காரன் என்று வரிசையாக எறிந்துவிட்டு, வீடு நிம்மதியாக இருக்கிறது என்கிறோம். அவளிடம் யாராவது எதையாவது ஒழுங்காகச் சொல்லி முடித்தால், “இதுல சேராதது எதையாவது விட்டுட்டீயளா?” என்று கேட்பாள். அண்ணாச்சிக்கு அந்தக் கேள்வி வந்தாலே மோட்டார் ஞாபகம் வந்துவிடும்.

அவளுக்குச் சேராமல் நின்றது நாற்பத்தொரு நட்சத்திரம்.

இதை எனக்குப் புரியவைக்க அவள் ஆட்டோவை எடுத்துக்கொண்டாள். சூரியன் ஒரு சுற்று வரவே இருபது கோடி வருடத்துக்கு மேல் ஆகுமாம். எந்த மனிதனும் உட்கார்ந்து பார்க்க முடியாது. நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு நொடி, ஒரு போட்டோ.

“சீசன்ல குத்தாலத்துல ஓடுத அத்தனை ஆட்டோவையும் மேல இருந்து ஒரு போட்டோ எடுக்கீய. ஒவ்வொண்ணும் எங்கன நிக்கி, எந்தப் பக்கம், எவ்வளவு வேகம், அது மட்டும் தெரியும். அதை வச்சு, எத்தனை ஆட்டோ ஐந்தருவி சுத்து, எத்தனை பழைய அருவி சுத்துன்னு கண்டுபிடிக்கணும். என்ன செய்வீய?”

“டிரைவர்ட்ட கேப்பேன்.”

“டிரைவர் பேச மாட்டான். அதனால நாமளே கம்ப்யூட்டர்ல ஆயிரக்கணக்குல தடம் போடணும். இந்தத் தடத்துல இத்தனை, அந்தத் தடத்துல இத்தனைன்னு நட்சத்திரத்தை ஓடவிட்டு, எல்லாத்தையும் கூட்டுனா அந்த போட்டோ வருதான்னு பாக்கணும். வரலன்னா எடையை மாத்து, தடத்தை மாத்து, திரும்ப ஓடவிடு. வர்ற வரைக்கும்.”

அவளுடைய பேராசிரியர் இருபது வருடம் பாடுபட்டுக் கம்ப்யூட்டருக்குள் கட்டிய மாதிரி ஒன்று, அவர்கள் சொல்வது ‘மாடல்’, இருந்தது. அதைத்தான் அவளும் பயன்படுத்தினாள். அதில் எல்லாத் தடமும் ஒரே திசை. சீசனில் போலீஸ் போடுகிற ஒன்வே மாதிரி. இந்த நாற்பத்தொன்று மட்டும் எதிர்த் திசையில் வந்தன. அவற்றை வைத்துக் கணக்குப் போட்டால் மாடல் கோட்டி பிடித்ததுபோலப் பதில் சொன்னது. ஒரு தடத்தில் ‘மைனஸ் மூன்று நட்சத்திரம்’ என்று வந்ததை எனக்கே காட்டினாள்.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். “மைனஸ் மூணா? அப்படின்னா மூணு பேரு ரூமைக் காலி பண்ணிட்டாவ, இன்னும் வந்தே சேரல. அப்படித்தான தாயி?”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சொன்னாள், “எந்தத் தடத்துலயும் ஆளே இல்லாம இருக்கலாம் அண்ணாச்சி. ஆனா இல்லாததுக்கும் கீழ போக முடியாது. மைனஸ் வந்தா மாடல்தான் தப்பு.”

இங்கேதான் வம்பு. நாற்பத்தொன்றையும் எடுத்துவிட்டால் எல்லாம் வழுக்கிக்கொண்டு பொருந்தும். கட்டுரை முடியும், பட்டம் வரும். வைத்துக்கொண்டால் எதிர்த் தடங்களையும் சேர்த்து மாதிரியை அஸ்திவாரத்திலிருந்து கட்ட வேண்டும். ஒரு வருடமோ இரண்டு வருடமோ. பேராசிரியர் போனில் சொல்வார். அவள் போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு எண்களைப் பார்த்துக்கொண்டே பேசுவாள், அதனால் படிக்கட்டில் நின்றாலும் கேட்கும். மரியாதையான குரல். “அதெல்லாம் அளவுப் பிழையாத்தான் இருக்கும்மா. ஒதுக்கி வச்சிட்டு அனுப்பு. ஜூன் முதல் வாரத்துக்குள்ள வரலன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது.”

நானும் அவர் கட்சிதான். அதை மறைக்கவில்லை. ஒரு நாள் காபியை வைத்துவிட்டுக் கத்தினேன். “ஏட்டி, ஒனக்கென்ன கிறுக்கா? வானத்துல கோடிக்கணக்குல கிடக்கு. நாப்பத்தொண்ணு போனா என்ன கெட்டுப்போச்சு? எடுத்து எறிஞ்சிட்டுப் பட்டத்தை வாங்கிட்டுப் போ.”

“பொருந்தலன்னா விரட்டக் கூடாதுக்கா.”

“அது என்ன ஒனக்கு மாமனா மச்சானா?”

அவள் கோபப்படவில்லை. ஒரு தாளை எடுத்து வட்டம் போட்டாள். “இந்த மாதிரி எதிர்த்து வாரது பெரும்பாலும் இங்கனயே பிறந்தது இல்ல. ஒரு காலத்துல வெளிய தனியா ஒரு சின்ன நட்சத்திர மண்டலம் இருந்திருக்கும். அது நம்ம பால்வெளிக்குள்ள விழுந்து, உடைஞ்சு, கரைஞ்சு போயிருக்கும். பாத்தா அடையாளம் தெரியாது. எல்லா நட்சத்திரம் மாதிரியும் மினுங்கும். ஆனா ஓடுத திசை மட்டும் பழைய ஊர்த் திசை. கரைஞ்சாலும் நடை மாறல. அதை எடுத்து எறிஞ்சா, அப்படி ஒரு ஊரு இருந்ததே இல்லன்னு ஆயிரும்.”

நான் ராயகிரியிலிருந்து கட்டிக்கொடுத்து வந்தவள். வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆன பிறகும் என் புருஷன் வீட்டில் ‘ராயகிரிக் குரல்’ என்றுதான் சொன்னார்கள், நான் வாயைத் திறந்தால். மெதுவாகப் பேசு, மெதுவாக நட, இங்கே இப்படித்தான் என்று சொல்லிச் சொல்லி அவர்களெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் இன்னும் சத்தமாகத்தான் பேசுகிறேன். அன்றைக்குக் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன்.

மே மாதம் முழுக்க அவள் அந்த நாற்பத்தொன்றையும் ஒன்றொன்றாக முதலில் இருந்து பார்த்தாள். ஒரு நட்சத்திரத்துக்கு ஒரு தாள். சுவர் முழுக்கத் தாள். சுண்ணாம்பு பெயரும் என்று கத்தினேன், காதில் வாங்கவில்லை. மாதக் கடைசியில் ஒரு காலை கீழே வந்தவள் முகம் வெளுத்திருந்தது.

“எக்கா, இருபத்தொம்பது என் தப்பு.”

அவள் விளக்கியது இது. நாம் நின்றுகொண்டு பார்க்கவில்லை. சூரியனும் பூமியும் நாமும் சேர்ந்து ஓடிக்கொண்டே பார்க்கிறோம். ஐந்தருவிக்கு ஜீப்பில் போகும்போது ரோட்டில் சும்மா நிற்கிற ஆள் பின்னால் போகிற மாதிரித் தெரியும் அல்லவா, அதுபோல. அதனால் ஒவ்வொரு நட்சத்திரத்தின் வேகத்திலும் நம் ஓட்டத்தைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஒரு தொகுதி எண்களுக்கு மட்டும் அவள் அதைச் செய்யாமல் விட்டிருக்கிறாள். அந்த இருபத்தொன்பதும் எதிர்த்து ஓடவில்லை. மந்தமாக, கிட்டத்தட்ட நின்றுகொண்டிருந்தவை. மீதிப் பன்னிரண்டு உண்மையாகவே எதிர்த்து வந்தவை. அவற்றில் பிழை இல்லை.

“நாம ஓடுததையே மறந்துட்டேன்” என்றாள். எல்லாரையும் ‘எதை விட்டீய’ என்று கேட்கிறவள், தன்னையே விட்டிருக்கிறாள்.

எனக்குச் சந்தோஷம்தான். “நல்லதாப் போச்சு. இருபத்தொம்பதைச் சத்தம் காட்டாம எடுத்துரு. கூடவே அந்தப் பன்னிரண்டையும் எடுத்துரு. அவரு சொன்னபடி செஞ்ச மாதிரியும் ஆச்சு, ஒன் தப்பும் வெளிய தெரியாது.”

“அவரு சொன்னதுக்காக எடுத்தா அது பொய்க்கா. தப்புன்னு எழுதி எடுத்தாத்தான் அது வேலை.”

எழுதினாள். தன் தவறு எந்த வரியில் நடந்தது, எத்தனை நட்சத்திரம் அதில் மாட்டியது என்று ஒரு பக்கம் முழுக்க எழுதி அவருக்கு அனுப்பினாள். பன்னிரண்டு இருக்கட்டும், அவற்றுக்காக மாதிரியை மாற்றத்தான் வேண்டும் என்றும் எழுதினாள். அன்று மத்தியானமே போன் வந்தது. மரியாதையான குரலில் மரியாதை குறைந்திருந்தது.

“இருபத்தொம்பதுல தப்புப் பண்ணினவ பன்னிரண்டுல சரியாப் பண்ணியிருக்கான்னு நான் எப்படி நம்புறது? இதுக்கு மேல என் பேர்ல இது போகாது.”

அவள் வாயைத் திறக்குமுன் நான் போனைப் பிடுங்கிவிட்டேன். “நம்ப வேண்டாம் சார். நீரு ஒரு தடவையாவது உக்காந்து எண்ணிப் பாத்தீரா? இங்க சுவரு பூரா ஒட்டி வச்சிருக்கா. வாரும், வந்து எண்ணும். ரூம் தாரேன்.”

அவர் போனை வைத்துவிட்டார். பாராட்டுவாள் என்று திரும்பினேன். கண் சிவக்க நின்றாள்.

“ஏன்க்கா அவரை ஏசுனீய? அவரு கேட்டது சரியான கேள்வி. முத முதல்ல இன்னைக்குத்தான் சரியா ஒண்ணு கேட்டாரு.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நன்றி கெட்ட மூதி என்று திட்டிவிட்டு வந்தேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சாரல் விழத் தொடங்கியது. சீசன். அவள் சுவரிலிருந்து தாள்களைப் பிய்க்காமல், ஓரம் ஓரமாக நனைத்து உரித்து எடுத்து அடுக்கினாள். சுண்ணாம்பு பெயரவில்லை. அறையைக் கூட்டி, மடித்த துண்டை எண்ணிக் கொடுத்தாள். உம்மா வந்திருந்தார். மகளுக்குப் பட்டம் போய்விட்டது என்று அவருக்குத் தெரியும்.

“அழுதீயளாம்மா?” என்று கேட்டேன்.

“அழுதேன். பொறவு இவளைப் பாத்தேன். இவ அழல. சரி, கல்லுக்கு ஊரு தேடுதான்னு நானும் விட்டுட்டேன்.”

பஸ் ஏறுமுன் அவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். “பத்தாம் நம்பர் ரூம்ல நாலு பேருன்னு எழுதிருக்காவ. ஒரு எட்டு போயிப் பாத்துக்கோங்கக்கா.” போய்ப் பார்த்தேன். ஒன்பது பேர்.

அந்த வாரமே அண்ணாச்சி வாசலில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதிவிட்டார். “தோத்துட்டால்லா. வாத்தியாரை எதுத்தா வேற என்ன நடக்கும்?”

மூன்று வருடம் கழித்து ஒரு மத்தியானம் உம்மா வந்தார். சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து தடிமனாக ஒரு புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். வேறு ஊர், வேறு பேராசிரியர், மாதிரியை முதலிலிருந்து கட்டி முடித்துவிட்டாள். இப்போது வெளிநாட்டில் வேலை. புத்தகத்தை என்னிடம் காட்டச் சொன்னாளாம்.

“பூரா இங்கிலீசு. எனக்கும் தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது. பாப்போம், வாங்க.”

ஒரு பக்கத்தில் அடையாளத்துக்குத் தாள் வைத்திருந்தாள். அதில் பென்சிலால் தமிழில் ‘என் தப்பு’ என்று எழுதியிருந்தது. இருபத்தொன்பது வரி. மறைக்காமல், சிறிய எழுத்தில் ஓரத்தில் தள்ளாமல், முழுப் பக்கம். அடுத்த பக்கத்தில் இன்னொரு பட்டியல். அண்ணாச்சியும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மூணு வருசத்தைத் தின்னுட்டுத்தான இது?” என்றார்.

“வாயை மூடிக்கிட்டு எண்ணும்” என்றேன்.

நான் விரலை வைத்தேன். கதவுக்கு வெளியே செருப்பை எண்ணுகிற மாதிரி ஒவ்வொரு வரியாக எண்ணிக்கொண்டு வந்தேன். உம்மாவின் உதடும் கூடவே அசைந்தது. கடைசி இரண்டு வரிக்கு அண்ணாச்சியும் சத்தமாகவே எண்ணினார்.

பன்னிரண்டு. ஒன்றையும் விரட்டவில்லை.